பலூனில் ஏற வேண்டிய தினை

'அரிய வாய்ப்பு' என்று தொடங்கும் செய்தியைக் கைப்பேசியில் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாணவர்களுக்கு விண்வெளி வினாடி வினா, ஆசிரியர்களுக்கு விண்வெளிப் பாடம் நடத்தப் பயிற்சி, கோடை விடுமுறையில் ராக்கெட் முகாம், நீங்களும் செயற்கைக்கோள் செய்யலாம் வாருங்கள். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் ஒன்று வந்து விழும். கீழே பொடி எழுத்தில் கடைசித் தேதி இருக்கும். நான் கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அங்கே சிக்னல் என்பது மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, வந்தால் உண்டு, நாம் கூப்பிட்டால் வராது. சந்தைக்கு செம்மேடு போய்ப் பஸ்ஸை விட்டு இறங்கியதும்தான் அந்த வாரத்து வாய்ப்புகள் எல்லாம் கூட்டமாக வந்து கைப்பேசியை அதிர வைக்கும். எதை எடுத்துப் பார்த்தாலும் கடைசித் தேதி நேற்றாக இருக்கும்.

ஒரு தடவை எப்படியோ ஆசிரியர் பயிற்சி ஒன்றில் பெயரைச் சேர்த்துவிட்டேன். இணையவழிப் பயிற்சி. செம்மேட்டு பஸ் நிலையத்தில் டீக்கடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாடம் எடுத்தவர் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றார். அவர் மறுபடி அசைவதற்குள் சந்திரனைத் தாண்டிச் செவ்வாய்க்குப் போய்விட்டிருந்தார்கள். நடுவில் சேலம் பஸ்காரர் ஹாரனை அழுத்தியதில் செவ்வாயும் போயிற்று. கடைசியில் பயிற்சி எப்படி இருந்தது என்று கருத்துக் கேட்டு ஒரு பக்கம் அனுப்பினார்கள். முதல் கேள்வி, இணைய வேகம் திருப்தியா என்பது. பதில் எழுதலாம் என்று தொட்டால் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பங்குனியில் ஒரு செய்தி அதிசயமாகக் கடைசித் தேதிக்கு முன்பே என் கண்ணில் பட்டது. மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு பொறியியல் கல்லூரி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் விண்வெளி முகாம், அங்கேயே தங்கல், சாப்பாடு எல்லாம் இலவசம், பிள்ளையோடு ஒரு ஆசிரியரும் வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சின்னச் சோதனையை யோசித்து எழுதி அனுப்ப வேண்டும். தேர்வான சோதனைகளை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெரிய பலூனில் கட்டி, வானம் கறுப்பாகத் தெரியும் உயரத்துக்கு விடுவார்கள். பலூன் வெடித்ததும் பெட்டி பாராசூட்டில் இறங்கும். தேடி எடுத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னேன். வழக்கம்போல எல்லாரும் கீழே குனிந்துகொண்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். மிளகு பறிக்கும் நாட்களில் என் வகுப்பில் பாதி காலியாகிவிடும், அவளும் வரமாட்டாள். ஆனால் திரும்பி வந்த அன்றைக்கே விட்டுப்போன பாடத்தையெல்லாம் கேட்டு என் உயிரை எடுப்பவள் அவள் ஒருத்திதான்.

"டீச்சர், அங்க மேல எவ்ளோ குளுருமுங்க?"

"நம்ம மார்கழிக் குளுரெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல கண்ணு. ஐஸ் பெட்டியை விட மோசம். காத்தும் இருக்காது."

"அப்ப தெனைய அனுப்பலாமுங்களா? போயிட்டு வந்தா மொளைக்குமான்னு பாக்கோணும்."

"முளைச்சுதுன்னா?"

"அது மட்டும் மொளைச்சா பத்தாதுங்க. அதே தெனையில பாதிய இங்கயே வெச்சிருந்து, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெதச்சுப் பாத்தாத்தான தெரியும்?"

ஒப்பீட்டுச் சோதனை பற்றி நான் பாடம் நடத்திய அன்று அவள் மிளகுத் தோட்டத்தில் ஏணி மேல் இருந்தாள். அவளாகவே வந்து சேர்ந்திருக்கிறாள். இந்தப் பிள்ளையை அந்த முகாமுக்குக் கூட்டிப் போகாவிட்டால் நான் என்ன டீச்சர் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அதை அனுப்ப நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். சந்தை நாளில், தூறலில், ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, வாழைத்தார் விற்பவருக்குப் பக்கத்தில் நின்று அவள் எழுதியதை எழுத்தெழுத்தாக ஏற்றினேன். ஓடிபி எண் வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். பக்கத்தைத் திறந்தால் பழைய எண் செல்லாது என்று சொல்லும். "என்னங்க டீச்சர், போனோட சண்டை போட்டுட்டிருக்கீங்க?" என்று வாழைத்தார்க்காரர் சிரித்தார். கைப்பேசியைத் தூக்கி அவர் தராசில் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. கடைசியில் போய்ச் சேர்ந்தது. சித்திரையில் தேர்வாகிவிட்டாள் என்று பதிலும் வந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றியதை வாட்ச்மேன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

அந்தச் சந்தோஷம் அவள் வீட்டு வாசல் வரைக்கும்தான் தாங்கியது. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்த அவள் அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சம்மதந்தானுங்க டீச்சர். அவங்கப்பனும் ஒண்ணுஞ் சொல்லாது. ஆனா நோம்பி சாட்டிட்டாங்களே."

நோம்பி என்றால் ஊர் மாரியம்மன் திருவிழா. சாட்டியாயிற்று என்றால் நாள் குறித்து ஊருக்கு அறிவித்தாயிற்று. முகாம் தொடங்குவதற்கு முன்பே கோயிலில் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிகிற வரைக்கும் அந்த ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் இராத் தங்கக் கூடாது. பகலில் சந்தைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் ஊருக்கே ஆகாது.

"காப்புக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போய் அடிவாரத்துல எங்க ஊட்டுல வெச்சுக்கிறேனுங்க. முகாம் முடிஞ்சதும் கொண்டாந்து உட்டுர்றேன்" என்றேன்.

"அது தப்பிச்சு ஓடுன மாதிரி ஆயிருமுங்க. நாளைக்கு இவ இந்த ஊருல தலை நிமிந்து நடக்கோணுமில்லீங்களா? நீங்க ஊர்க்கவுண்டரைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுருங்க."

வந்த கோபத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். மாநிலத்தில் இத்தனை ஊர் இருக்கிறது, வருஷத்தில் இத்தனை நாள் இருக்கிறது, முகாமும் நோம்பியும் போய் இந்த ஒரு வாரத்தில்தானா முட்டிக்கொள்ள வேண்டும்?

ஊர்க்கவுண்டர் ஊர் வழக்கைத் தீர்த்துவைக்கும் பெரியவர். கோயில் முன்னால் கூட்டம் கூட்டினார். நான் நாற்காலியில், மற்ற எல்லாரும் தரையில். அந்த நாற்காலியே எனக்கு எரிச்சலாக இருந்தது. எடுத்த எடுப்பில் ஒருவர், "ஆம்பளப் புள்ளையா இருந்தாலும் பரவால்ல" என்று ஆரம்பித்தார். இன்னொருவர், போன முறை ஒருவன் எல்லை தாண்டி லாரிக்குப் போனதில் மழையே பெய்யவில்லை என்றார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"மழை பெய்யாததுக்கு லாரிக்காரன் என்னங்க பண்ணுவான்? ஒரு புள்ளை படிப்புக்குப் போகுது. திருடப் போகலை. இந்த மலையில எந்தப் புள்ளைக்கும் கெடைக்காதது இதுக்குக் கெடைச்சிருக்குது. நீங்களே கையைப் புடிச்சு இழுத்தீங்கன்னா நான் எங்கீங்க போய் முட்டிக்கிறது?"

அதிகப்படியாகப் பேசிவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது. ஊர்க்கவுண்டர் என்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"நீ சொல்லு கண்ணு. அங்க போயி என்ன பண்ணப் போற?"

அவள் எழுந்து நின்று, தினையை மேலே அனுப்பி, இறங்கி வந்ததும் விதைத்துப் பார்க்கப் போவதைச் சொன்னாள். குளிரைச் சொன்னாள், காற்றில்லாததைச் சொன்னாள். அவர் இடையிடையே கேள்வி கேட்டார். பெட்டிக்குள் வெயில் படுமா, எலி போகுமா, எத்தனை நாழி மேலே நிற்கும். எனக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் இத்தனை கேள்வியை நான் கேட்க முடிந்ததில்லை. அவள் சொல்லி முடித்ததும் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வெதை போவுதுன்னா அது நம்ம காரியந்தான். பூக் கேட்டுப் பாத்துருவோம்."

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார்கள். ஒரு கைக்குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். அறிவியல் டீச்சர் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வெள்ளை வரணும் தாயே, வெள்ளை வரணும் தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். நிகழ்தகவுப் பாடத்தில் பாதிக்குப் பாதி என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள்தான். அந்த நிமிஷத்தில் பாதி எனக்குப் போதவில்லை.

வெள்ளை வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஆனாலும் எல்லைச் சிக்கல் பாக்கி இருந்தது. அதற்கு ஊர்க்கவுண்டர் ஒரு வழி சொன்னார். பூசாரிக்குக் கட்டுகிற மாதிரியே அவள் கையிலும் ஒரு காப்புக் கட்டி அனுப்பலாம்.

"காப்பு கையில இருந்தா, அவ போற எடமெல்லாம் நம்ம எல்லைக்குள்ளதான். ராத் தங்குனாலும் ஊருக்குள்ள தங்குன மாதிரி."

எவ்வளவு அழகாகச் சட்டத்தை வளைத்துவிட்டார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு அவர் நிற்கவில்லை. அந்த ஊரில் விதைப்புக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கை விதை கோயிலுக்கு வரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஆளுக்கு ஒரு கை திரும்ப வாங்கிக்கொண்டு போய்த்தான் விதைப்பார்கள். திருவிழா முடிவில் அது நடக்கும். அதற்காக அதுவரை கோயிலுக்கு வந்து சேர்ந்திருந்த விதையிலிருந்தே தினையை அள்ளி அவளிடம் கொடுத்தார். "ஊரு வெதை. பத்தரமாப் போயிட்டு வரட்டும்" என்றார். அவள் அதைச் சரிபாதியாக இரண்டு துணிப்பையில் கட்டி, ஒன்றைப் பள்ளிக்கூட பீரோவில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். மற்றதைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டாள். காப்புக் கட்டிய அன்றிலிருந்து அவள் திரும்பி வரும் வரைக்கும் தான் ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று அவள் அம்மா வேண்டிக்கொண்டார்.

மஞ்சள் நூலில் ஒரு துண்டு விரலி மஞ்சளை முடிந்த காப்பு. அதை மறு கையால் பிடித்துக்கொண்டே மலைப்பாதை வளைவு முழுக்க வாந்தி எடுக்காமல் இறங்கி வந்தாள்.

கல்லூரி பளபளவென்று இருந்தது. முதல் நாள் முழுக்க ஏசி அரங்கத்தில் பேச்சு. பேசியவர்கள் எல்லாரும் தமிழர்கள்தான், எதற்கென்று தெரியவில்லை, மைக் கைக்கு வந்ததும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார்கள். அவ்வப்போது "எனி டவுட்ஸ்?" என்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். நான் அவள் காதில் முணுமுணுவென்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். முன்வரிசையில் இருந்து ஒரு அம்மணி திரும்பி உஷ் என்றார். இவள் மட்டும் ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. "நாளைக்குப் பெட்டியக் கண்ணால பாப்போமில்லீங்க டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள்தான் பெட்டிக்குள் பொருட்களை அடுக்கும் நாள். பிள்ளைகள் வரிசையாக ஆய்வகத்து வாசலில் நின்றார்கள். முகாமை நடத்திய ஒருங்கிணைப்பாளர், இளம் பேராசிரியர், கையில் ஒலிபெருக்கியோடு நின்றார். வாட்ச், வளையல், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் போட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார். தூசு உள்ளே வரக் கூடாதாம். ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். எங்கள் முறை வந்ததும் அவள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

நான் முன்னால் போய் விஷயத்தைப் பொறுமையாகத்தான் சொன்னேன். அது வெறும் கயிறு இல்லை, திருவிழாக் காப்பு, அதைக் கட்டித்தான் அவளை ஊரை விட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"மேடம், இது சயின்ஸ் கேம்ப். ஒரு சயின்ஸ் டீச்சர், நீங்களே இப்படிப் பேசலாமா?"

"உள்ள போனதும் கையுறை குடுக்கறீங்களே சார். முழங்கை வரைக்கும் இருக்குதே. கயிறு அதுக்குள்ளதானே இருக்கும்? தூசு எங்கிருந்து வரும்?"

"ரூல்னா ரூல்தான் மேடம். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். இந்த மூடநம்பிக்கையை எல்லாம் உடைக்கத்தானே இந்த கேம்ப்பே நடத்துறோம்?"

அவர் தலைக்கு மேலே, ஆய்வகத்து வாசல் நிலையில், திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணும் மீசையும் வரைந்து, படிகாரம், மிளகாய் சகிதம். நான் அதை நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அது எதுக்குங்க சார்? அந்தப் பூசணிக்காயிலிருந்து தூசு விழாதுங்களா?"

பின்னால் இருந்த ஆசிரியர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்துபோயிற்று. "அது மேனேஜ்மென்ட் கட்டினது. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்கு முன்னால் அவர் கொஞ்சம் இளகியிருந்தாலும் இருந்திருப்பார். அதற்குப் பிறகு கல்லாகிவிட்டார்.

ஊர்க்கவுண்டரைக் கேட்டுவிடலாம் என்று அவருடைய எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அவள் அம்மா எண்ணும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணும் அப்படியே. அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவளிடம் குனிந்தேன்.

"கண்ணு, நீயே சொல்லு. கழட்டறதுன்னாலும் சரி, நான் உங்கூட நிக்கிறேன். யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவள் தலையை ஆட்டினாள். "எங்கம்மா ஒருவேளைதானுங்க சாப்பிடுது. கழட்டுனா நா எல்லைக்கு வெளிய போயிருவனுங்க. ஊருல ஏதாச்சும் ஆச்சுன்னா, அது இதனால ஆகாட்டியும், என்னாலதான்னு சொல்லுவாங்க."

அவளுக்குச் சாமி பயம் எவ்வளவு, ஊர் பயம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டுமே நியாயமான பயம்தான். அந்த ஊரில் வாழப்போவது அவள்தானே, நானா?

சரி, பையையாவது உள்ளே வைக்கட்டும் என்று கேட்டேன். தானே வந்து பொருத்துகிற மாணவருக்குத்தான் இடம் என்றார். நான் கழற்ற எதுவும் இல்லாத கையைக் காட்டி, நான் போய் வைக்கிறேன் என்றேன். ஆசிரியர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, இது மாணவர் செயல்பாடு என்றார். வேறொரு பிள்ளை கையில் கொடுத்தனுப்பட்டுமா என்றேன். ஒருவர் சோதனையை இன்னொருவர் செய்வது விதிக்குப் புறம்பு என்றார். என்ன கேட்டாலும் அவரிடம் ஒரு விதி தயாராக இருந்தது. நான் கத்தினேன், கெஞ்சினேன், மேலிடத்துக்கு எழுதுவேன் என்று மிரட்டினேன். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்தோம். அந்தப் பெட்டி என்ன பெரிய தங்கப் பேழையா? வெறும் தெர்மாகோல் பெட்டி, மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வைக்கிற அதே பெட்டி. பிள்ளைகள் ஆளுக்கொன்றை அடுக்கினார்கள். அவளுக்கென்று ஒதுக்கியிருந்த மூலை காலியாகக் கிடந்தது. பெட்டி ஒரு பக்கம் சாயக் கூடாதென்று அந்த இடத்தில் கல்லூரித் தலைவர் படம் போட்ட ஒரு கேடயத்தை வைத்து மூடினார்கள்.

"நம்மளுது எடை கம்மிதானுங்க டீச்சர்" என்றாள் அவள்.

அடுத்த நாள் காலையில் மைதானத்தில் பலூன் விட்டார்கள். விடுவதற்கு முன் தலைவர் வந்து தேங்காய் உடைத்தார். ஒருங்கிணைப்பாளர் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார். மேடையேறி அந்தத் தட்டைத் தட்டிவிட்டிருப்பேன், இவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பலூன் எழும்பியது. எல்லாரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். மற்றவர்கள் டிபனுக்குப் போன பிறகும் கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பங்கேற்றதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் அவள் ஊர்ப் பெயரைத் தப்பாக அச்சிட்டிருந்தார்கள்.

பஸ் மலை ஏற ஏற, ஒவ்வொரு வளைவிலும் நான் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். ஊர்க்கவுண்டரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். உங்கள் அம்மன் விட்டுக்கொடுத்தாள், நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள், படித்தவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லப் போகிறேன். ஊரோடு திரண்டு போய் அந்த வாசலில் உட்கார வேண்டும் என்று சொல்லப் போகிறேன். அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இடுப்பிலிருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள்.

திருவிழாவின் கடைசி நாள். கோயில் மைதானத்தில் ஊரே இருந்தது. தார்ப்பாயில் விதைக் குவியல். பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்களை மேளத்தோடு கூட்டிப் போனார்கள். ஊர்க்கவுண்டர் அவள் கையைத் தூக்கிக் காப்பைப் பார்த்தார், ஊருக்கும் காட்டினார்.

"வெதை மேல போச்சா சாமி?"

நான் வாயைத் திறந்தேன்.

"போச்சுங்க" என்றாள் அவள்.

அவள் அதோடு நிறுத்தவில்லை. பலூன் எவ்வளவு பெரிது, எப்படி ஒரு பொட்டாகி மறைந்தது, மேலே வானம் எப்படிக் கறுத்திருக்கும், எவ்வளவு குளிர் என்று நிதானமாகச் சொன்னாள். நான் வகுப்பில் சொன்னதும், அரங்கத்தில் அவள் காதில் முணுமுணுத்ததும், ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. இடுப்பிலிருந்த பையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து, பெரிய குவியலில் கொட்டிக் கலந்தார். எல்லா வீட்டுக்கும் ஒரு பங்கு போக வேண்டுமாம். நிஜமாகவே போய்வந்த தினையாக இருந்திருந்தாலும் சோதனை அந்த இடத்தில் முடிந்திருக்கும்.

நான் அவள் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன்.

"ஏன்டி இப்படிச் சொன்ன? நான் சொல்லியிருப்பேனே. அவனுங்களை நாறடிச்சிருப்பேனே."

"காப்பு இருந்ததாலதான் உள்ள உடலைன்னு தெரிஞ்சா, அடுத்த வருசம் எந்தப் புள்ளைக்கும் காப்பு கட்டி அனுப்ப மாட்டாங்க டீச்சர். இப்ப அனுப்புவாங்க."

அதற்குள் இரண்டு அம்மாக்கள் எங்களைத் தேடி வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் மகளை முன்னால் தள்ளினாள். "ஏனுங்க டீச்சர், அடுத்த வருசமும் இது இருக்குதுங்களா? எம்புள்ளையையும் சேத்துக்கங்க." இன்னொருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கதவையும் அந்த ஒலிபெருக்கியையும் நினைத்தேன்.

"இருக்குதுங்க" என்றேன்.

குவியலிலிருந்து வீடு வீடாக ஒரு கை விதை கொடுக்க ஆரம்பித்தார்கள். அவள் அம்மா வாங்கி வந்த பங்கை மகள் கையில் கொட்டினார். உள்ளங்கையில் இருந்த தினையைப் பார்த்துக்கொண்டே நின்றவள் அப்போதுதான் உடைந்து அழ ஆரம்பித்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே அம்மா சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்.

"சந்தோசத்துல அழுவுதுங்க."